புகழ் மண்டபத்தில் யாருக்கு இடம்?

அமெரிக்காவில் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய்வரும் நம்மவர்கள் எல்லோரும் நயாகரா பார்த்த கதையைச் சொல்வார்கள். நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலைக்கு முன் நின்று எடுத்த படத்தைக் காட்டுவார்கள். நானும் என் சகதர்மிணியும் அதையெல்லாம் முன்பே பார்த்தாகிவிட்டது. ஆகவே 2025 ஜூன் மாதம் நியூ ஜெர்ஸிக்குப் போனபோது, "இந்தத் தடவை நான் சொல்ற ஊருக்குத்தான் போகணும்" என்று பதின்மூன்று வயதுப் பேரன் அடம் பிடித்தான். அவன் சொன்ன ஊரின் பெயர் கூப்பர்ஸ்டவுன். நியூயார்க் மாநிலத்துக்குள்ளேயே, ஆனால் நியூயார்க் நகரத்தின் வாடையே படாத ஓர் ஏரிக்கரைக் கிராமம். மகன் வீட்டிலிருந்து காரில் நான்கு மணி நேரப் பயணம்.

"அங்கே என்னப்பா இருக்கு?" என்றேன்.

"பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம், தாத்தா!"

பேஸ்பாலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு என்பது மட்டும்தான். மும்பையில் நாற்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு சிவாஜி பார்க்கைத் தாண்டி ஒரு விளையாட்டு உண்டு என்று நம்புவதே கஷ்டம். ஆனாலும் பேரன் கேட்டால் மறுக்க முடியுமா? கிளம்பினோம். போய்விட்டு வந்த பிறகு பல நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் பேஸ்பால் மட்டுமல்ல. அந்தக் கதையைத்தான் நம் பத்திரிகை வாசகர்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

இரண்டாயிரம் பேர் கூட இல்லாத ஊர்

கூப்பர்ஸ்டவுனில் நிரந்தரமாக வசிப்பவர்கள் இரண்டாயிரம் பேர் கூடக் கிடையாது. ஆனால் பேஸ்பால் பிரியர்களுக்கு அது ஒரு திருத்தலம். ஏன் அந்த ஊர்? 1839-ல் ஆப்னர் டபுள்டே என்பவர் அங்கேதான் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒரு குழு 1907-ல் அறிக்கை கொடுத்துவிட்டது. அந்த வருஷத்தில் அவர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியில் மாணவராக இருந்தார் என்பதும், இந்தக் கதைக்கு ஆதாரமே இல்லை என்பதும் பிற்பாடு தெரியவந்தது. அதற்குள் மண்டபம் எழும்பிவிட்டது. நம் ஊர் ஸ்தல புராணங்களை நினைத்துக்கொண்டேன். புராணம் எப்படியிருந்தால் என்ன, கோயில் நிஜம்தானே!

அந்த மண்டபம் 1939 ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது. உள்ளே போனால் அருங்காட்சியகம் தனி, புகழ் மண்டபம் தனி. அருங்காட்சியகத்தில் பழைய மட்டைகள், பந்துகள், கையுறைகள், சட்டைகள். புகழ் மண்டபத்தில் மரச் சுவர்களில் வரிசை வரிசையாக வெண்கலத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம், அதன் கீழே சில வரிகள். இதுவரை அங்கே விளையாடிய இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில், நிர்வாகிகள் நடுவர்களையும் சேர்த்து, சுமார் முந்நூற்றைம்பது பேருக்குத்தான் அந்தச் சுவரில் இடம். உள்ளே நுழைந்ததுமே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். என் மனைவி செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தாள்.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பேரன் வழிகாட்டியாக மாறிவிட்டான். பத்து சீசனாவது பெரிய லீக்குகளில் விளையாடியிருக்க வேண்டும். ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். அதன் பிறகு பேஸ்பால் எழுத்தாளர்கள் ஓட்டுப் போடுவார்கள். பத்திரிகையாளர் சங்கத்தில் பத்து வருஷம் தொடர்ந்து உறுப்பினராக இருந்தவருக்குத்தான் ஓட்டுரிமை. ஒருவர் அதிகபட்சம் பத்துப் பெயரைக் குறிக்கலாம். நூற்றுக்கு 75 ஓட்டு வாங்கினால் உள்ளே. ஐந்து சதவிகிதத்துக்குக் கீழே போனால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். பத்து வருஷம் காத்திருந்தும் 75 வராவிட்டால் எழுத்தாளர்களின் கதவு மூடிவிடும். அப்புறம் 16 பேர் கொண்ட ஒரு குழு சில வருஷங்களுக்கு ஒரு முறை கூடிப் பழைய ஆட்டக்காரர்களைப் பரிசீலிக்கும். அங்கே 12 ஓட்டு வேண்டும்.

முதல் தேர்தல் 1936-ல் நடந்தது. 226 பேர் ஓட்டுப் போட்டார்கள். டை காப் 222, பேப் ரூத்தும் ஹோனஸ் வாக்னரும் ஆளுக்கு 215, கிறிஸ்டி மாத்யூசன் 205, வால்டர் ஜான்சன் 189. இந்த ஐந்து பேர்தான் முதல் வரிசை. பேப் ரூத்துக்கே 11 பேர் ஓட்டுப் போடவில்லை! 511 ஆட்டங்களை வென்று, இன்றுவரை யாரும் நெருங்க முடியாத சாதனை படைத்த பந்து வீச்சாளர் சை யங் அந்த வருஷம் தேறவே இல்லை. மறு வருஷம்தான் வந்தார். நூற்றுக்கு நூறு வாங்கிய முதல் ஆள் மரியானோ ரிவேரா, 2019-ல். மறு வருஷம் டெரெக் ஜீட்டருக்கு ஓர் ஓட்டுக் குறைந்தது. ஜப்பானிலிருந்து வந்து, ஒரே சீசனில் 262 ஹிட் அடித்துச் சாதனை படைத்த இச்சிரோ சுசுகிக்கு 2025-ல் 394-ல் 393. அந்த ஓர் ஓட்டைப் போடாத மனிதரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சேர்ந்து ஒரு கோப்பை குடிக்க விரும்புவதாகச் சொன்னாராம் சுசுகி. அந்த மண்டபத்தில் இடம் பெற்ற முதல் ஆசிய ஆட்டக்காரர் அவர்தான்.

"ஹிட்" என்றால் என்ன என்று கேட்பீர்கள். பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் முதல் தளத்துக்கோ அதற்கு மேலோ போய்ச் சேருவது. பத்து முறை மட்டையைப் பிடித்தால் மூன்று முறை இதைச் செய்பவன் பெரிய ஆட்டக்காரன். அதாவது பத்துக்கு ஏழு முறை தோற்பவன்தான் அங்கே மேதை! எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது.

சுவரில் இல்லாத மூன்று முகங்கள்

அருங்காட்சியகத்தில் பீட் ரோஸ் என்பவரின் பொருள்களைப் பார்த்தேன். 4,256 ஹிட், அவரை மிஞ்சியவர் பெரிய லீக்குகளின் சரித்திரத்திலேயே இல்லை. "அப்போ அவர் தகடு எங்கே?" என்று கேட்டேன். "அதுதான் தாத்தா பிரச்னையே" என்று பேரன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

ரோஸ் சின்சினாட்டி அணிக்கே மேலாளராகவும் இருந்தார். அந்தச் சமயத்தில் பேஸ்பால் ஆட்டங்கள் மீது பந்தயம் கட்டினார். தன் அணியின் ஆட்டங்களும் அதில் அடக்கம். 1989 ஆகஸ்ட் 24 அன்று நிரந்தரத் தடை வந்தது. தடை விதித்த கமிஷனர் பார்ட் ஜியமாட்டி எட்டே நாளில் மாரடைப்பில் இறந்துபோனார். தடைப் பட்டியலில் இருப்பவர் தேர்தலில் நிற்க முடியாது என்று மண்டபமும் 1991-ல் விதி செய்துவிட்டது. பதினான்கு வருஷத்துக்கு மேல் "நான் பேஸ்பாலில் பந்தயம் கட்டவில்லை" என்று சாதித்த ரோஸ், 2004-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒப்புக்கொண்டார். தன் அணி தோற்கும் என்று ஒரு நாளும் கட்டவில்லை என்பது கடைசிவரை அவர் வாதம். 2024 செப்டம்பர் 30 அன்று, 83 வயதில் காலமானார். 2025 மே 13 அன்று, இறந்தவர்களுக்குத் தடை தொடராது என்று கமிஷனர் ராப் மன்ஃப்ரெட் அறிவித்தார். இறந்துபோனவரால் ஆட்டத்தின் நாணயத்துக்கு இனி ஆபத்தில்லை என்பது அவர் சொன்ன காரணம். ரோஸ் உட்பட 17 பேரின் தடை அன்றே நீங்கியது.

அந்தப் 17 பேரில் இன்னொருவர் "ஷூலெஸ்" ஜோ ஜாக்ஸன். 1919 உலகத் தொடரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் எட்டுப் பேர் சூதாடிகளோடு சேர்ந்து தோற்க உடன்பட்டதாகப் பெரிய ஊழல் வெடித்தது. சாக்ஸ் அணி சின்சினாட்டியிடம் 3-க்கு 5 என்று தொடரை இழந்தது. ஜாக்ஸன் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஐயாயிரம் டாலர் கைக்கு வந்ததை ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தத் தொடரில் அவர் 12 ஹிட் அடித்தார், சராசரி 0.375. 1921-ல் நடுவர் குழு ஜாக்ஸனை விடுவித்தது. மறு நாளே கமிஷனர் நீதிபதி லாண்டிஸ் எட்டுப் பேரையும் ஆயுள் முழுக்க வெளியேற்றினார். ஜாக்ஸன் 1951-ல் இறந்தார். உயிரோடிருந்த முப்பது வருஷமும், செத்த பிறகு எழுபத்துநாலு வருஷமும் அந்தத் தடை நீடித்தது.

மூன்றாமவர் பாரி பாண்ட்ஸ். 762 ஹோம் ரன், அதில் 73 ஒரே சீசனில், 2001-ல். ஏழு முறை ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். இவர் மீது பந்தயக் குற்றச்சாட்டு இல்லை. ஊக்க மருந்துக் குற்றச்சாட்டு. தெரிந்து உட்கொண்டதாக அவர் ஒப்புக்கொண்டதில்லை. நீதிக்குத் தடையாக இருந்தார் என்று 2011-ல் வந்த தீர்ப்பும் 2015-ல் மேல்முறையீட்டில் அடிபட்டுப் போனது. ஆனால் எழுத்தாளர்கள் மனம் இளகவில்லை. 2022-ல், பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில் அவருக்கு 66 சதவிகிதம்தான் கிடைத்தது. அவர் 756-வதாக அடித்த ஹோம் ரன் பந்து அங்கே இருக்கிறது. அதை ஏலத்தில் எடுத்தவர் ஒரு நட்சத்திரக் குறியைப் பொறித்துக் கொடுத்திருக்கிறார். "இந்தக் கணக்கில் சந்தேகம் உண்டு" என்று பொருள்!

ஓட்டலில் ஒரு தேர்தல்

திரும்பும் வழியில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்தோம். "நம்ம குடும்பமே ஓட்டுப் போடலாம்" என்றான் பேரன். காகித நாப்கினைக் கிழித்து ஆளுக்கு ஒரு சீட்டு. ஐந்து பேர். 75 சதவிகிதம் வேண்டுமென்றால் நான்கு ஓட்டு. முதலில் வாதம், பிறகு ஓட்டு என்று தீர்மானமாயிற்று.

மகன் கணிப்பொறிக்காரன். அவனுக்கு எல்லாமே எண்கள். "அப்பா, கேலார்ட் பெர்ரின்னு ஒருத்தர். பந்துல எச்சில், கிரீஸ் எல்லாம் தடவி வீசினேன்னு புத்தகமே எழுதினவர். அவரை 1991-ல உள்ளே எடுத்துட்டாங்க. ஊக்க மருந்து காலத்துல கமிஷனரா இருந்தது பட் ஸீலிக். 2004-க்கு முன்னாடி மாட்டினா தண்டனைங்கிற மாதிரி சோதனையே இல்லை. அவர் 2017-ல உள்ளே போயிட்டார். முதலாளி உள்ளே, வேலைக்காரன் வெளியேவா?" என்றான்.

மருமகள் விட்டுக்கொடுக்கவில்லை. "இவனைப் பாருங்க," என்று பேரனைக் காட்டினாள். "பள்ளிக்கூட டீம்ல ஆடறான். நாளைக்கு எவனாவது ஒரு ஊசியைக் காட்டி, பாண்ட்ஸே போட்டுக்கிட்டார், அவருக்குத் தகடு வெச்சிருக்காங்கன்னு சொன்னா நான் என்ன பதில் சொல்றது? பந்தயமும் அப்படித்தான். இப்போ ஃபோன்லயே கட்டலாம்."

பேரன் ரோஸை மன்னிக்கத் தயாராக இல்லை. "பந்தயம் கட்டக்கூடாதுன்னு ஒவ்வொரு உடைமாற்றுகிற அறையிலும் எழுதி ஒட்டியிருக்கும் தாத்தா. தினமும் அதைப் பார்த்துட்டே செஞ்சார். ஆனா ஜாக்ஸன் பாவம். பாண்ட்ஸ் மருந்துக்கு முன்னாடியே பெரிய ஆளு."

நான் சொன்னேன்: "குடம் பாலில் ஒரு துளி விஷம் போதும். கணக்கு என்றால் கணக்கு. மூன்று பேருக்கும் என் ஓட்டு இல்லை."

என் மனைவி கடைசியாகப் பேசினாள். "மூணு பேரையும் வைக்கட்டும். ஆனா செஞ்ச தப்பையும் அதே தகட்டுல கீழே எழுதட்டும். முகத்தை மறைச்சா தப்பும்தானே மறைஞ்சு போகுது?"

சீட்டுகளை எண்ணினோம். ரோஸுக்கு 2. ஜாக்ஸனுக்கு 3. பாண்ட்ஸுக்கு 3. யாரும் தேறவில்லை.

பேரன் நாப்கின் துண்டுகளை அடுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்: "தாத்தா, நீங்க போட்டிருந்தா ஜாக்ஸன் உள்ளே வந்திருப்பார். ஒரு ஓட்டுதான்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதே வாக்கியத்தை ஆறு வருஷத்துக்கு முன் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அண்ணாச்சி

மும்பையின் ஒரு புறநகரில் நாங்கள் நடத்திவரும் சிறிய தமிழ் அமைப்பைத் தொடங்கியவர் ஒருவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ரயில்வேயில் குமாஸ்தா. 1970-களில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய எத்தனையோ பையன்களுக்குச் சால் அறையில் இடம் பிடித்துக் கொடுத்தவர், ரேஷன் கார்டுக்கு வரிசையில் நின்றவர் அவர். 1977-ல் வந்த எனக்கும்தான். சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு. இருபத்திரண்டு வருஷம் ஒரு காசு வாங்காமல் நடத்தினார். எங்கள் நூலகத்தின் முதல் அலமாரியில் இருந்தவை அவர் வீட்டுப் புத்தகங்கள். என் மகன் இன்று அமெரிக்காவில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் கடிதம் எழுதுகிறான் என்றால் அது அண்ணாச்சி போட்ட பிச்சை.

நான் வங்கியில் தணிக்கைப் பிரிவில் இருந்தவன். அதனால் அமைப்பின் கௌரவத் தணிக்கையாளன் வேலையும் என் தலையில் விழுந்தது. 1995-ல் கட்டட நிதிக் கணக்கைப் பார்த்தபோது 38,000 ரூபாய் இடித்தது. செயற்குழுவில் கேட்டேன். "ரசீது எங்கேயோ மாறியிருக்கு, தேடித் தாரேன்" என்றார் அண்ணாச்சி. ரசீதே கிடையாது. முந்தின வருஷம் மகள் கல்யாணத்துக்கு எடுத்திருந்தார். பிறகு கூட்டத்தில் எழுந்து நின்று ஒப்புக்கொண்டு, செயலாளர் பதவியை விட்டார். பி.எஃப்.பிலிருந்து கடன் வாங்கிப் பதினான்கு மாதத்தில் முழுப் பணத்தையும் கட்டினார். அந்த ரசீதில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். அதற்குப் பிறகு அவர் அமைப்பின் படி ஏறவில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் சிரிப்பார். நின்று பேசமாட்டார். 2011-ல் காலமானார்.

2019 ஆண்டு விழாவுக்கு முன்னால் அவர் துணைவியார் ஒரு படத்தைக் கண்ணாடி போட்டு அனுப்பியிருந்தார். மண்டபத்தில் மற்ற முன்னோடிகளோடு மாட்டலாமா என்று கேள்வி. ஏழு பேர் கொண்ட செயற்குழு. மூன்று பேர் மாட்டலாம் என்றார்கள். மூன்று பேர் கூடாது என்றார்கள். கடைசியாக நான் கை தூக்கினேன், கூடாது என்று. அண்ணாச்சியிடம் தமிழ் படித்த ஓர் உறுப்பினர் வெளியே வந்ததும், "ஒரு ஓட்டுதான் சார், உங்க ஓட்டு" என்றார். படம் செய்தித்தாளில் சுற்றியபடி அலுவலக பீரோவுக்கு மேலே கிடக்கிறது.

நான் செய்தது தவறு என்று அன்று தோன்றவில்லை. பொதுப்பணம் என்பது பொதுப்பணம். குழந்தைகள் பார்க்கும் சுவர். கூப்பர்ஸ்டவுனில் மருமகள் சொன்ன அதே வாதம்தான். ஆனால் கூப்பர்ஸ்டவுனில் ரோஸின் மட்டையைப் பார்த்தேன், பாண்ட்ஸின் பந்தைப் பார்த்தேன். அவர்கள் செய்ததையும் செய்யக்கூடாததையும் அந்தக் கட்டடம் ஒளிக்கவில்லை. எங்கள் நூலகத்தில் என்ன இருக்கிறது? அண்ணாச்சியின் புத்தகங்கள் இருக்கின்றன. கொடுத்தவர் பெயர் எங்கும் இல்லை. இப்போது அங்கே வரும் பிள்ளைகளுக்கு அவர் செய்த நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது.

திருத்தி எழுதிய தகடு

அந்த மண்டபமும் ஒரேயடியாக நியாயமாக நடந்துவிடவில்லை. கறுப்பின ஆட்டக்காரர்களைப் பல பத்தாண்டுகள், 1947 வரை, பெரிய லீக்குகளில் சேர்க்கவே இல்லை. அந்த வருஷம் ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்ஸன் புரூக்ளின் அணிக்கு இறங்கி அந்த வேலியை உடைத்தார். அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜோஷ் கிப்ஸன் என்ற மகத்தான மட்டையாளர், பெரிய லீக்கில் ஒரு பந்து கூட அடிக்காமல், 35 வயதில் இறந்துபோனார். 1966-ல் தன் பாராட்டு விழா மேடையில் நின்றுகொண்டு, கிப்ஸனுக்கும் சாச்சல் பெய்ஜுக்கும் இங்கே இடம் வேண்டும் என்று டெட் வில்லியம்ஸ் பேசினார். 1971-ல் பெய்ஜ், மறு வருஷம் கிப்ஸன் உள்ளே வந்தார்கள். கறுப்பினத்தவர் தனியாக நடத்திய லீக்குகளின் எண்களைப் பெரிய லீக் கணக்கோடு சேர்க்க 2024 வரை ஆயிற்று. சேர்த்ததும் ஆயுள் சராசரியில் டை காப்பின் 0.367 இரண்டாம் இடத்துக்குப் போய், கிப்ஸனின் 0.372 முதலிடத்துக்கு வந்தது.

பக் ஓ'நீல் என்று ஒருவர். அந்தக் கறுப்பின லீக்குகளின் நினைவு அழிந்துபோகாமல் காத்தவர். 2006-ல் அந்த லீக்குகளைச் சேர்ந்த 17 பேரைச் சிறப்புக் குழு தேர்ந்தெடுத்தது. 94 வயதான ஓ'நீலை விட்டுவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விழாவுக்கு வந்து, அந்தப் 17 பேர் சார்பில் மேடையில் பேசி, கூட்டத்தையே கைகோத்துப் பாடவைத்தார். சில வாரங்களில், அக்டோபரில், இறந்துபோனார். 2021 டிசம்பரில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓ'நீல் இருந்து பார்க்கவில்லை.

என்னை மிகவும் உறுத்தியது ராபின்ஸனின் தகடு. 1962-ல் அவரைத் தேர்ந்தெடுத்தபோது, ஆட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று அவர் கேட்டிருந்தார். அதனால் தகட்டில் அவர் நிறவேலியை உடைத்ததைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 2008-ல் அதைக் கழற்றிவிட்டு, அந்தச் சரித்திரத்தையும் சேர்த்துப் புதிய தகடு வைத்தார்கள். வெண்கலத்தில் வார்த்ததையே திருத்தி எழுதலாம் என்றால், ஏழு பேர் கை தூக்கிப் போட்ட தீர்மானத்தைத் திருத்தக் கூடாதா?

என் மனைவி ஓட்டலில் சொன்னதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. குணத்தையும் குற்றத்தையும் நிறுத்துப் பார்த்து, எது மிகுதியோ அதைக் கொண்டு மனிதனை மதிப்பிடச் சொன்னவர் வள்ளுவர். அந்தக் குறளை என் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அண்ணாச்சிதான்.

மதினி சொன்னது

ஊர் திரும்பியதும் அண்ணாச்சியின் வீட்டுக்குப் போனேன். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியை மிதிக்கிறேன். மதினி காப்பி கொடுத்தார்கள். படத்தை நூலகத்தில் மாட்ட மறுபடி தீர்மானம் கொண்டுவர நினைக்கிறேன் என்று சொன்னேன். ஆனால் கீழே எல்லாவற்றையும் எழுதவேண்டியிருக்கும், கட்டட நிதி விஷயத்தையும் சேர்த்து, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மதினி சொன்னார்கள்: "எழுதுங்க தம்பி. எடுத்தாகன்னு எல்லாருக்கும் தெரியும். திருப்பிக் கட்டுனாகன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? அதையும் சேர்த்து எழுதுங்க."

உண்மைதான். எடுத்ததைச் சொன்ன வாய்கள் கட்டியதைச் சொல்லவில்லை. ரசீதில் கையெழுத்துப் போட்ட நானும் சொல்லவில்லை. ஒரு தணிக்கைக்காரன் பற்றை மட்டும் வாசித்துவிட்டு வரவை வாசிக்காமல் விட்டால் அது என்ன கணக்கு? இந்தக் கட்டுரையை எழுதவும் மதினியிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன்.

மறு ஓட்டு

2025 டிசம்பரில் பேரன் தொலைபேசியில் அழைத்தான். 16 பேர் குழு கூடி ஜெஃப் கென்ட்டை 14 ஓட்டோடு தேர்ந்தெடுத்துவிட்டது. பாண்ட்ஸுக்கு ஐந்து ஓட்டுக் கூட இல்லை. புது விதிப்படி அடுத்த முறை, அதாவது 2028-ல், அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்கவே முடியாது. பையன் குரலில் அழுகை.

"ரோஸும் ஜாக்ஸனும் 2027 டிசம்பர்ல குழுவுக்கு முன்னாடி வரலாம் தாத்தா. நீங்க இப்பவே மறு ஓட்டுப் போடுங்க" என்றான்.

போட்டேன். ஜாக்ஸனுக்கு உண்டு. வாங்கிய ஐயாயிரம் டாலருக்கு நூறு வருஷத் தண்டனை போதும். பாண்ட்ஸுக்கும் உண்டு. எச்சில் தடவியவரும் மேற்பார்வை பார்த்த கமிஷனரும் சுவரில் இருக்கும்போது தராசு ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் சந்தேகத்தையும் அதே தகட்டில் எழுதவேண்டும். ரோஸுக்கு மட்டும் இன்னும் என் கை எழவில்லை. தப்புச் செய்ததற்காக அல்ல. பதினான்கு வருஷம் இல்லை என்று சொல்லிவிட்டு, புத்தகம் விற்கும்போது ஆமாம் என்றாரே, அதற்காக. அண்ணாச்சி எழுந்து நின்று ஒப்புக்கொண்டபோது கையில் விற்பதற்கு எதுவும் இல்லை. இதில் என் மனைவிக்கு உடன்பாடில்லை. 2027-க்குள் என்னை மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் அமைப்பின் அடுத்த பொதுக்குழுவில் நான் கொண்டுவரப்போகும் வாசகம் இதுதான்:

"இந்நூலகத்தை நிறுவியவர். 22 ஆண்டுகள் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பித்தவர். கட்டட நிதியிலிருந்து 1994-ல் சொந்தச் செலவுக்கு எடுத்த ரூ. 38,000-ஐ ஒப்புக்கொண்டு பதவி விலகி, முழுவதும் திருப்பிச் செலுத்தியவர்."

தீர்மானம் நிறைவேறுமா என்று தெரியாது. எதிர்ப்பவர்கள் சொல்லப்போகும் வாதம் எனக்கு மனப்பாடம். முப்பது வருஷம் நான் சொன்ன வாதம்தான் அது. பீரோவின் மேலிருந்த படத்தை இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறேன். கண்ணாடியில் ஒரு மூலை விரிசல் விட்டிருக்கிறது. கூட்டத்துக்குள் மாற்றிவிட வேண்டும்.

வாசகர்களின் ஊர்களிலும் தமிழ் அமைப்புகள் உண்டு. அவற்றின் பீரோக்களுக்கு மேலேயும் இப்படி ஏதாவது படம் இருக்கலாம். இருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ரோஸ் விஷயத்திலும் உங்கள் ஓட்டைச் சொல்லுங்கள். பேரன் கணக்கு வைத்திருக்கிறான்.